உச்சி நோட்டு

லியோனார்டுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கி ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது. மற்றவர்களுக்குப் பல் ஆடினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். சிரிக்கும்போது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதுகிறவனுக்கு அப்படி இல்லை. ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்தும்போது உதட்டுக்குப் பின்னால் நின்று தாங்குவதே அந்தப் பல்தான். பல் போனால் மேல் ஸ்தாயி போச்சு. மேல் ஸ்தாயி போனால் முதல் கார்னெட் என்கிற பட்டம் போச்சு. அதுவும் போய்விட்டால் லியோனார்டுக்கு மிச்சம் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிற வேலையும் பொண்டாட்டி சிலுவையம்மாளின் பேச்சும்தான்.

இத்தனைக்கும் காரணம் கொருக்குப்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம். பெண்ணின் தாய்மாமன் குஷி தாங்காமல் பின்பக்கமாகவே ஆடிக்கொண்டு வந்து கார்னெட்டின் வாயில் முழங்கையால் ஒரு இடி இடித்தார். அவரை ஆட வைத்ததே லியோனார்டின் பேண்டு செட்டு வாசிப்புதான் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. லியோனார்ட் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு பாட்டை முடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சிலுவையம்மாள் மட்டும், மனுஷன் முறுக்கைக் கூட டீயில் நனைத்துத் தின்பதைப் பார்த்து நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். நாற்பத்தாறு வயசில் பச்சைக் குழந்தைக்கு ஊட்டுவது போல் ஊட்ட வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே சொல்லாதே என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் சும்மா இருந்தாள்.

இந்தச் செட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ராயபுரத்தில் அப்போது பேண்டு என்றால் இருபது பேர், நாலு டிரம், தோளில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு. லியோனார்டும் அப்படி ஒன்றில்தான் ஊதிக்கொண்டிருந்தார். டிரம் அடிக்கிற அடியில் நாம் ஊதுவது நமக்கே கேட்கவில்லையே என்று முதலில் புலம்பியது கலீலுல்லா. அவர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா, செட்டில் யூபோனியம் ஊதுகிறவர். டிரம்மே வேண்டாம், கோட்டும் வேண்டாம், பித்தளை வாத்தியம் அஞ்சு போதும் என்றார். ஆளுக்கு ஒரு பாட்டு வரி, ஒருத்தன் ஊதுவதை இன்னொருத்தன் ஊதக் கூடாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அஞ்சு பேர் பிரிந்து வந்துவிட்டார்கள். முதல் கார்னெட் லியோனார்ட். இரண்டாவது கார்னெட் ரஷீது, வண்ணாரப்பேட்டையில் தகரக்கடை வைத்திருந்த முப்பது வயசுக்காரன். டிராம்போன் குணசேகரன், கூட்ஸ் ஷெட்டில் வண்டி கோக்கிறவர். பெரிய பாஸ் ஜார்ஜ், கடற்கரையில் மீன் ஏலம் போடுகிறவர். தொந்தியும் வாத்தியமும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு காலி உப்புக் கிடங்கில் ஞாயிறு மத்தியானம் இவர்கள் கூடி அடித்த கூத்து இருக்கிறதே! மாதா பாட்டில் ஆரம்பிப்பார்கள். இரண்டாம் சரணத்தில் அது தாயிரா என்கிற வட்டப் பறையைத் தட்டிக்கொண்டு தெருவில் வருகிற பக்கீர் பாட்டாக மாறும். முடிக்கும்போது கப்பல்காரன் ஆடுகிற ட்விஸ்டு ஆட்டமாகிவிடும். எங்கே மாறியது என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. ஏதோ ஒரு இடத்தில் கால் தானாகத் தாளம் போடும். எல்லாவற்றையும் கலீலுல்லா உட்கார்ந்து எழுதுவார். வாத்தியத்தின் மேல் கிளிப்பில் செருகுகிற சின்ன அட்டையில், ஆளுக்கு ஒன்றாக. முதல் கல்யாணத்தில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, இது கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று கேட்டார். மூணாவது கல்யாணத்தில் இருந்து இந்த அஞ்சு பேர் வந்தால்தான் ஆச்சு என்று அடம் பிடித்தார்கள்.

அஞ்சு பேர் செட்டில் ஒரே ஒரு பேஜாரு உண்டு. இருபது பேர் பேண்டில் கன்னத்தை உப்பிக்கொண்டு சும்மா நிற்கலாம், ஒருத்தனுக்கும் தெரியாது. இங்கே மூச்சு ஒரு இழை பிசகினாலும் நாலு பேர் காதில் விழும். லியோனார்ட் மட்டும் தன் பல் ரகசியம் இன்னும் ரகசியமாகவே இருக்கிறது என்று நம்பினார். நம்பினதற்கும் காரணம் இருந்தது.

அவர் பயந்தது கல்யாணத்துக்கு இல்லை, கொடியேற்றத்துக்கு. மீன்காரர் தெருவில் இருந்த சின்ன மாதா கோயிலில் செப்டம்பர்த் திருவிழாவுக்குக் கொடி ஏற்றும்போது ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் கடைசி வார்த்தையில் கார்னெட் உச்சி நோட்டைப் பிடிக்கும். அப்போதுதான் கயிற்றை இழுப்பார்கள். கொடி கம்பத்தின் உச்சியைத் தொடுகிற வரைக்கும் அந்த நோட்டு அறக் கூடாது. அறுந்தால் அந்த வருஷம் கடலுக்குப் போகிறவர்களுக்கு மீன்பாடு சரியாக இருக்காது என்று தெருவே நம்பியது. பதினாலு வருஷமாக அந்த நோட்டு லியோனார்டுடையது. எண்ணிப் பன்னிரண்டுக்குள் கொடி ஏறிவிடும். முடிந்ததும் தெருவில் நடந்தால் கிழவர்கள் கூட எழுந்து நின்று கும்பிடுவார்கள். அந்த ஒரு கும்பிடுக்காகவே மனுஷன் வருஷம் பூராவும் மூட்டை தூக்குகிற வின்ச்சோடு மல்லுக்கட்டினார் என்று சொன்னால் தப்பில்லை.

இந்த நிலைமையில் மாதாவே இறங்கி வந்தது போல ஒன்று நடந்தது. பல் ஆட ஆரம்பித்த சில வாரத்தில் கலீலுல்லா எல்லா அட்டையையும் அரைக்கட்டை சுருதி இறக்கித் திருப்பி எழுதிக்கொண்டு வந்தார். தனக்கு இழுப்பு வந்துவிட்டது, மேலே ஊத முடியவில்லை என்றார். விரல் சுளுக்குகிற மாதிரி ஒரு சுருதி அது. இருந்தாலும் லியோனார்ட் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். நாலு மாசம் கழித்து ரஷீதுக்கு உதட்டில் புண். மறுபடி அரைக்கட்டை. தையில் குணசேகரனுக்குத் தோள்பட்டை பிடிப்பு, டிராம்போனை நீட்ட முடியவில்லை. இன்னொரு அரைக்கட்டை. ஆக மொத்தம் ஒன்றரைக் கட்டை. பழைய இடத்தில் கண்ணீர் வரவழைத்த நோட்டு இப்போது பல்லுக்கு நோகாமல் வந்தது.

இதில் லியோனார்ட் பண்ணின அலப்பறைதான் பெரிசு. கலீலுல்லாவைத் தினமும் கடற்கரையில் நடக்கச் சொன்னார். வெற்றிலை போட்டால் உதடு புண்ணாகாமல் என்ன செய்யும் என்று ரஷீதுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். ரஷீது வெற்றிலையே போடுகிறவன் இல்லை. சரிங்க அண்ணாத்த என்று கேட்டுக்கொண்டான். குணசேகரனுக்குக் கப்பல்காரனிடம் ஒரு தைலம் வாங்கி வந்து தன் கையாலேயே தேய்த்துவிட்டார். குணசேகரனும் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக முனகினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் சத்தே இல்லை என்று லியோனார்ட் வீட்டில் வந்து சொன்னபோது சிலுவையம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குணசேகரனுக்கு வயசு நாற்பத்தெட்டு.

அறுபத்தொன்பதாம் வருஷத் திருவிழா வந்தது. லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்த புதிது. கோயிலுக்கும் புதுச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். எங்கிருந்தோ காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஒன்றை வாங்கி வந்து, கான்வென்ட்டில் பாட்டு சொல்லித் தருகிற ஹில்டா டீச்சரை உட்கார வைத்து, பெண்கள் இருபது பேரைச் சேர்த்துப் பாட்டுக் குழு ஒன்றும் அமைத்துவிட்டார். அதுவரைக்கும் கொடியேற்றத்தில் செட்டு ஊதும், ஜனம் கூடவே பாடும், அவ்வளவுதான். இந்த வருஷம் முன்பாட்டு ஆர்மோனியம், அப்புறம் செட்டு. ஹில்டா டீச்சர் ஆள் விட்டுப் பாட்டின் நோட்டு கேட்டபோது கலீலுல்லா வீட்டில் இருந்த பழைய பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்.

புத்தகத்தில் இருந்தது பழைய சுருதி. அது கலீலுல்லாவுக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்களுக்கும் இல்லை. இறக்கி இறக்கி ஊதியே பழகி, இதுதான் பிறவியில் இருந்த சுருதி என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு ஒத்திகை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை என்று பார்த்துக் கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. வின்ச்சில் லியோனார்ட், கணக்கில் கலீலுல்லா, இருவருக்கும் இரட்டை ஷிப்டு. ஒத்திகை போயே போச்சு.

ஞாயிறு சாயங்காலம் அஞ்சரை மணி. தெரு முழுக்க ஜனம். கடலில் இருந்து நல்ல காற்று. சாமியார் கொடியை மந்திரித்துக் கயிற்றில் கட்டிக் கொடுத்தார். அஞ்சு பேரும் கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். முன்னால் லியோனார்ட், ஒரு எட்டு பின்னால் ரஷீது. ஹில்டா டீச்சர் காலால் மிதித்து முன்பாட்டை ஆரம்பித்தாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள் என்று லியோனார்ட் தலையாட்டினார். பெண்கள் பாட ஆரம்பிக்க, கையைக் காட்டினார், அஞ்சு பேரும் சேர்ந்தார்கள்.

அடக் கடவுளே! ஒன்றரைக் கட்டை கீழே இவர்கள், மேலே அவர்கள். இரண்டு தெருக் கல்யாணம் ஒரே முக்கில் மோதிக்கொண்ட மாதிரி இருந்தது. குழந்தைகள் காதைப் பொத்தின. சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஹில்டா டீச்சர் நிறுத்தவில்லை. அவள் நிறுத்துகிற ரகமும் இல்லை. மூக்குக்கண்ணாடி வழியாக ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். நாலு வரி போவதற்குள் அஞ்சு பேரும் வாத்தியத்தை இறக்கிவிட்டார்கள்.

அப்போது லியோனார்ட் திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் ஹில்டா டீச்சரைப் பார்க்கவில்லை, ஆர்மோனியத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடும்போது பிடிபட்டவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது நாலு முகமும். இழுப்பு வந்தவர் கலீலுல்லா, நேற்று கப்பலில் ஏழு ஏணி ஏறி இறங்கினார். தோள் பிடித்துக்கொண்ட குணசேகரன் டிராம்போனை முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர்களில் ஒருத்தனுக்கும் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே கோளாறு தன் வாயில்தான் என்று அந்த நிமிஷத்தில் லியோனார்டுக்கு விளங்கிவிட்டது. வெட்கமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டது. கயிற்றுக்காரர்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். கிளிப்பில் இருந்த அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டார் லியோனார்ட். பழைய சுருதி அவருக்கு மனப்பாடம். கார்னெட்டை உதட்டில் வைத்து, மேலே, பழைய இடத்திலேயே பிடித்தார். பல் ஆடியது. வலி கண் வரைக்கும் போனது. விடவில்லை.

அப்புறம்தான் செட்டின் சாமர்த்தியம் தெரிந்தது. அட்டை உதவாது என்றானதும் நாலு பேரும் காதாலேயே பாட்டைத் தேடினார்கள். பக்கீர் பாட்டும் கப்பல்காரன் ஆட்டமும் ஒரு எழுத்து இல்லாமல் கேட்டே பிடித்தவர்கள் இல்லையா? ஜார்ஜ் இரண்டு தடவை தப்பிவிட்டு அடி நோட்டைப் பிடித்தார். கலீலுல்லா அதன் மேல் ஏறிக்கொண்டார். குணசேகரன் மட்டும் தப்பான இடத்தில் ஆரம்பித்து, கூட்ஸ் வண்டி மேட்டில் ஏறுவது போல் இழுத்துக்கொண்டே வந்து சரியான இடத்தில் சேர்ந்தார். இது ஏதோ புது ஸ்டைலு என்று நினைத்துக் கூட்டத்தில் பாதிப் பேர் விசிலடித்தார்கள்.

கடைசி வார்த்தை வந்தது. லியோனார்ட் உச்சி நோட்டைப் பிடித்தார், கயிற்றை இழுத்தார்கள், கொடி கிளம்பியது. எட்டு எண்ணுவதற்குள் பாதிக் கம்பம் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. உப்புக் காற்றில் கப்பி துருப்பிடித்திருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், நாலு பேர் இழுத்தார்கள். பன்னிரண்டு. பதினைந்து. லியோனார்டுக்குக் காது அடைத்தது. பதினெட்டில் பல் நறுக்கென்று கழன்றது. உதடு உள்ளே மடங்கியது, காற்று பக்கவாட்டில் போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

நோட்டு நின்றபாடில்லை. லியோனார்ட் ஊதவில்லை. கார்னெட் உதட்டில் இருக்கிறது, மூச்சு இல்லை, ரத்தம் நாக்கில் கரிக்கிறது. ஆனால் அந்த நோட்டு அவர் தலைக்கு மேலே அப்படியே நிற்கிறது. ஒட்டுப் போட்ட இடம் கூடத் தெரியவில்லை. கண்ணை மட்டும் பின்னால் திருப்பினார். ரஷீது கண்ணை மூடிக்கொண்டு, தன் கார்னெட்டின் வாயை லியோனார்டின் முதுகுக்கு மறைவில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். வெளியே பார்க்கிறவனுக்குச் சத்தம் லியோனார்டிடம் இருந்து வருவது போலவே இருக்கும். லியோனார்ட் அசையாமல் நின்று கேட்டார். கயிற்றை ஒரு சுண்டு சுண்டி இழுத்ததும் கொடி விருட்டென்று உச்சிக்குப் போனது. வெடி வெடித்தது. மணி அடித்தார்கள்.

அப்புறம் என்ன, தெரு முழுக்க லியோனார்டின் பேர்தான். அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் எவன் பிடிப்பான் என்று கிழவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாமியார் சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். லியோனார்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பல் போன வாயால் குழறிக் குழறிச் சொன்னார்:

"சாமி, கடைசியில ஊதினது நானில்ல. ரஷீது ஊதினான். எனக்குப் பாதியிலயே மூச்சு பூட்ச்சி."

ஜனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. வாயில் ரத்தம் வர ஊதிவிட்டு எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார் பாருங்கள் என்று சாமியாரே கண் கலங்கினார். ரஷீதைக் கேட்டார்கள். தான் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்ததாக அவன் சாதித்தான்.

கூட்டம் கலைந்ததும் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் சிலுவையம்மாள் உப்புத் தண்ணீர் கொடுத்து அவர் வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். நாலு பேரும் எட்டத் தள்ளி வரிசையாக நின்றார்கள். லியோனார்டுக்கு அடக்கி வைத்த கோபம் எல்லாம் அப்போதுதான் வந்தது. எத்தனை மாசமாக இந்த நாடகம் என்று கேட்டார். பதினைந்து மாசம் என்றார் கலீலுல்லா. கொருக்குப்பேட்டைக் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறே நாலு பேருக்கும் கேட்டுவிட்டதாம்.

"எங்கையில ஒரு வார்த்த சொன்னா இன்னா பாய்? நான் இன்னா பச்சக் கொயந்தயா? அவன் தோளுக்கு நான் தைலம் தேச்சிகினு கீறேன், நீங்கல்லாம் வாய மூடிகினு பாத்துகினு கீறீங்க."

"சொன்னா நீ செட்ட வுட்டுட்டுப் பூடுவ மாமு," என்றார் கலீலுல்லா. "அட்டைய திருப்பி எய்தறது எனக்கு ஒரு மத்தியான வேல. நீ பூட்டா உன்ன மாரி ஒர்த்தன நான் எங்க பூட்டுத் தேடுவேன்?"

லியோனார்ட் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். அழுகிறாரா கழுவுகிறாரா என்று தெரியாதபடி நிறைய நேரம் கழுவினார். பிறகு சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்துக் கலீலுல்லாவிடம் நீட்டினார். மேலே எழுதியிருக்கிற தன் பேரை அடித்துவிட்டு ரஷீது என்று எழுதச் சொன்னார். சுருதியையும் பழைய இடத்துக்கே ஏற்றி எழுதச் சொன்னார். கட்டுப்பல் வைத்துக்கொண்டு தான் பின்னால் நிற்பதாகச் சொன்னார்.

ரஷீது பதறிப்போனான். ஜனம் கேட்பது அவரைத்தான், தான் ஊதவில்லை என்று அவரே மைக்கில் சொல்லியும் நம்பவில்லையே, பல் கட்டிக்கொண்டு வரட்டும், அதுவரைக்கும் இன்று போலவே சமாளித்துக்கொள்ளலாம் என்றான்.

"அவங்க நம்பாட்டிப் போறாங்க. நான் கேட்டேன்டா," என்றார் லியோனார்ட். "பதினாலு வருசமா அந்த நோட்ட ஊதிகினுதான் இருந்தேன், ஒரு நாளும் கேட்டதில்ல. ஊதறவன் காதுல ரத்தம் இரையறதுதான் கேக்கும். கொடி ஏறிச்சா, மூச்சு பத்துமா, அதே நெனப்பு. இன்னிக்கு ஊதாம நின்னேன். மெய்யாலும் எவ்ளோ ஷோக்கா கீது தெரியுமா அது? அடுத்த வருசமும் எனக்குக் கேக்கணும்டா."

ரஷீது கார்னெட்டைக் கவிழ்த்து அதில் இருந்த தண்ணீரை வடித்தான். கலீலுல்லா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.